பச்சைத் தாளில் ஒரு சென்டிமீட்டர்

இடது கை அறைச் சாவியை நீட்டும்போது, லோகநாயகியின் வலது கை பச்சைத் தாளை நகர்த்திக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கணவர் நாகராஜனுக்குப் பதினான்கு அறை லாட்ஜ். தென்காசிக் கல்லூரி விடுமுறை விட்டால், அதன் வரவேற்பு மேசைதான் இந்த இயற்பியல் ஆசிரியைக்கு ஆய்வுக்கூடம்.

ஆய்வு பிளேசார்களைப் பற்றியது. எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே கருந்துளை. அதனருகிலிருந்து பீறிடும் தாரை நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அது பிளேசார். அதன் பிரகாசம் ஏறி இறங்கும். காமாக் கதிரில் ஏறியது, கண் காணும் ஒளியில் எப்போது ஏறுகிறது, ரேடியோ அலையில் எப்போது? மூன்றையும் டிரேசிங் தாளில் வரைந்திருக்கிறார்: காமா ஊதா, ஒளி பச்சை, ரேடியோ சிவப்பு. ஒரு நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர். கணினி சொன்னாலும், தாள்மேல் தாள் வைத்து நகர்த்திப் பார்த்தால்தான் நிம்மதி. சிவப்பை எண்பத்திரண்டு சென்டிமீட்டர் இழுத்தால்தான் முகடுகள் பொருந்தும்; மேசை போதாமல் தாள் தொங்கும்.

"மலையில மழை பெஞ்சா அருவிக்கு உடனே தெரியும். குளத்துக்குத் தெரிய நாளாவும்லா?" என்பார், கேட்காதவர்களிடமும்.

பச்சை மட்டும் ஊதாவுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிந்தியது. ஆறு வருடத்தில் புதிதாகக் கிடைத்தது அது ஒன்றுதான். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை 11.40. ஏழாம் அறை ஜெபஸ்டின் பதிவேட்டோடு சண்டைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நான் இன்னைக்கு விடியக்காலம் மூணு மணிக்குல்லா வந்தேன்? வெள்ளின்னு எழுதியிருக்கீய!"

"நடுராத்திரி மாறுதது காலண்டர்ல. லாட்ஜுல நாளு மத்தியானம் பன்னெண்டுக்குத்தான் பொறக்கும்" என்றார் நாகராஜன்.

லோகநாயகியின் கை நின்றது. "ஏங்க, இப்ப என்ன சொன்னீய?"

"காலி பண்ணச் சொன்னேன்."

"அது இல்ல. நாளு பொறக்குதது."

ஓர் இரவு இரண்டு தேதிகளில் பிளவுபடாதிருக்க, ஒளித் தொலைநோக்கிக்காரர்களின் நாள் நண்பகலில் தொடங்கும். அவர் எடுத்த காமாப் பட்டியலில் நள்ளிரவில். ஒளியின் நாள்கணக்கைக் காமாவின் கணக்குக்கு மாற்றியபோது அவர் அரை நாளைக் கழிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வானத்தில் இல்லை, மேசையில் இருந்தது.

விஷயத்தைக் கேட்ட நாகராஜன் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குட்டி தெரியப்போவுது? ஆறு வருசம்லா. கொண்டு குடுத்துரு."

லோகநாயகி பச்சைத் தாளை ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளினார். முகடுகள் அப்படியே ஊதாவின்மேல் படிந்தன. சாவிப் பலகையிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி, இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தினார்.