கூரையில்லாத கோயிலில் ஒரு மத்தியானம்

போன வருடம் பள்ளி விடுமுறையில், ஜெராய் மலை அடிவாரத்தில் மெர்போக் பக்கம் இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். நான், என் கணவர், பிள்ளைகள், என் அக்கா. அங்கே மேட்டில் பழங்காலக் கோயில் ஒன்றின் கல் அடித்தளம் இருக்கிறது. கீழே ஓடை. பிள்ளைகளுக்குக் குளிக்க வேண்டும், அக்காவுக்கு அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி முடி கொட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே, பள்ளியை விட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தவள். டாக்டர் சொல்வதில் பாதி புரியாது. புரியாததெல்லாம் எனக்குப் பயமாகத்தான் மாறும். அதனால் தெரிந்ததைச் செய்தேன். கோயிலைக் கண்டால் ஒரு வேண்டுதல். பால்குடம், மாவிளக்கு, மொட்டை. அக்காவையும் இழுத்துப்போய் நிறுத்தி, நல்லா வேண்டிக்கோ என்பேன்.

"மொட்டையா? அதான் ஆஸ்பத்திரியிலயே போட்டு விட்டுட்டாங்களேலா" என்று ஒருமுறை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கும் தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளைகளைக் கணவரோடு ஓடையில் விட்டுவிட்டு, அக்காவோடு மேலே ஏறிப் பார்த்தால் கூரையும் இல்லை, சிலையும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் கற்பூரத்தைக் கல்லில் வைத்தேன். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் வேகமாக வந்தார். அபராதம் போடப் போகிறார் என்று பயந்தேன். அவர் அக்காவின் தலையைப் பார்த்தார். குரலைத் தணித்து, இங்கே நெருப்பு வைக்கக் கூடாது, கல் பாழாகிவிடும் என்றார். அதோடு போய்விடவில்லை. தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மர நிழலில் போட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கொண்டுவந்ததை ஏற்றாமல் திரும்பினால் ஆகாதே, ஏதாவது தப்பாக நடந்துவிடுமோ என்று புலம்பினேன். நாற்காலியில் உட்கார்ந்த அக்கா பையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள சாமியே இல்ல, யார்கிட்ட போய்க் கேப்ப? சும்மா ஒக்காரு பாப்பா."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கீழே பிள்ளைகள் தண்ணீரில் போடும் கூச்சல் கேட்டது. அதைக் கேட்டபடியே அவளாகவே பேசினாள்.

"எல்லாச் சாமிகிட்டயும் கேட்டுக் கேட்டு எனக்கு அசந்து போச்சுலா. இங்கதான் என்னைய யாரும் கேக்கச் சொல்லல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது ஓடைக் கல்லில் தேங்காயை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தண்ணீரில் கால் வைக்காதே, கிருமி இருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அந்த வருடத் தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கேட்டது கிடைக்காவிட்டாலும் வேண்டுதலைச் செலுத்த வேண்டுமா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். பால்குடம் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் அக்காவுக்காக நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், ஒன்றுமே செய்யாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.