மூத்தாள் நிறைத்த ஜாடி

எங்க அம்மா செத்த பிறகும் எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் அப்பாவுக்கு மேஸ்திரி வேலை. கொப்பரை காயப்போடும் களத்து ஓரத்திலேயே குடியிருக்க வீடு கொடுத்திருந்தார்கள். அந்த 1990களில் அங்கே எங்களையும் சேர்த்து ஆறு குடும்பம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில் அம்மா வெள்ளரி விதை ஊன்றி வேலியில் ஏற்றிவிட்டிருந்தாள். விரல் நீளப் பிஞ்சாக இருக்கும்போதே பறித்து, நாலாக வகிர்ந்து, கல்லுப்பில் பிசிறி ஒரு நாள் வைப்பாள். மறுநாள் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து, களத்து வெயிலில் சுருங்கக் காயவைப்பாள். எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகு. காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் மேலே நிற்க வேண்டும். வெள்ளைத் துணியால் வாய் கட்டி, ஜாடியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் முதல் துண்டை எடுப்பாள். கடித்தால் நறுக்கென்று கேட்கும்.

அந்த ஜாடியை மாசியில் போட்டாள். பங்குனியில் மஞ்சள் காமாலை வந்தது. சித்திரை பிறக்கையில் அவள் இல்லை.

காரியம் முடிந்த அன்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அம்மா புழங்கிய சேலை, சீப்பு, பாய் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். சாமிக்குக் கீழே இருந்த ஜாடியைத் தொட மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

தயிர்ச்சோற்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று நானே விதி வைத்துக்கொண்டேன். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஞாயிறு தவறாமல் ஜாடிக்குள் விட்டு, எண்ணெய் தொட்ட இடத்தில் நகத்தால் கீறுவேன். கீறல் இறங்கிக்கொண்டே வந்தது. ஆடி நோம்பிப் பண்டிகை வரைக்கும் தாங்காது என்று தெரிந்துபோயிற்று. அது தீர்ந்தால் அம்மா கையால் செய்தது இந்த உலகத்தில் எதுவுமே இருக்காது. சாமியிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. ஜாடி தீரக் கூடாது, அவ்வளவுதான்.

வைகாசிக் கடைசியில் சித்தி வந்தார். பெருந்துறைப் பக்கத்துக்காரர். கோயிலில் பத்துப் பேரோடு கல்யாணம் முடிந்தது. தாலிக்குப் பக்கத்திலேயே பெண் உருவம் பதித்த சின்னத் தங்கத் தகடு ஒன்றையும் கோர்த்துக் கட்டினார்கள். அது எங்க அம்மாவாம். இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தாளைக் கழுத்தில் சுமந்தால்தான் மூத்தாள் சாந்தமாக இருப்பாளாம்.

"நீ வாயில வெக்கறதுக்கு முன்னால அவளுக்கு ஒரு கை எடுத்து வெச்சுப்போடோணும் அம்மணி. மறந்தீன்னா அவ கேப்பா," என்றார் அத்தை.

சித்தி மறக்கவே இல்லை. வேளைக்கு வேளை அடுப்பங்கரைச் சுவரோரம் ஒரு இலைத்துண்டில் ஒரு பிடி சோறு இருக்கும். யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்தாலே எனக்கு முதுகு சில்லிடும். சந்தோஷமாகவும் இருக்கும். சாப்பிட வருகிறாள் என்றால் அம்மா வீட்டில்தானே இருக்கிறாள்?

சித்தியை நான் அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. "ஏனுங்க" என்பேன், வழியில் போகிறவர்களைக் கூப்பிடுவதுபோல. மரியாதைக் குறைவு என்று யாரும் திட்டவும் முடியாது பாருங்கள்.

ஆனியில் ஒரு ஞாயிறு. உச்சி வெயில். அப்பா களத்தில் இருந்தார். கொல்லையில் சித்தி துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஈர்க்கை விட்டு எடுத்தேன். எண்ணெய் போன வாரக் கீறலுக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே இடம்.

"அம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். நறுக்கென்றது. கடுகு மட்டும் ஒரு சிட்டிகை கூடியிருந்த மாதிரி இருந்தது. போன இடத்தில் அம்மாவுக்குக் கைப்பக்குவம் கொஞ்சம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அம்மா போனதும் கருகிக் கிடந்த வெள்ளரிக்கொடி கணுவுக்குக் கணு துளிர்த்திருந்தது. சாயங்காலம் எண்ணி வைத்த பிஞ்சுகள் விடிந்தால் இருக்காது. காம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கும், வறுத்த கடுகு வாசம் மட்டும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை ஜாடி ஏறியது. நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா வருவதை நிறுத்திவிடுவாள் என்று பயம்.

அம்மாவின் வருசத் திதிக்கு அத்தை வந்தார். தயிர்ச்சோற்றுக்கு நானே ஜாடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவர் இலையில் வைத்தேன். கடித்தவர், "இது ஏது கண்ணு, நெம்ப ருசியா இருக்குது?" என்றார்.

அந்தப் பெருமையில் எனக்கு வாய் நிற்கவில்லை. "எங்கம்மா போட்டதுங்க அத்தை!"

"போன வருசம் மாசியில போட்டதா? வெள்ளரிக்காயி ஒரு வருசம் நிக்குமா? கூழாயிருக்கோணுமே!"

ஈர்க்கை எடுத்து வந்து கீறல்களைக் காட்டினேன். இறங்கினது, ஏறினது, மறுபடி இறங்கினது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. சித்தியைப் பார்த்து, "நீ போட்டியா புள்ள?" என்றார்.

சித்தி என்னைப் பார்த்தார். நான் ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நான் போடலீங்களே," என்றார் சித்தி.

அத்தை பாதி இலையில் எழுந்துவிட்டார்.

அதற்குள் சித்தி மெலிந்துபோனதும் கண் குழி விழுந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மூத்தாள் வந்து இளையவளை உறிஞ்சுகிறாள் என்று களத்துப் பெண்கள் முடிவு கட்டினார்கள். அப்பா களத்துக்கு எழுந்து போய்விட்டார். அந்த அமாவாசைக்கு ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்குச் சித்தி, அத்தை, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஜாடியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. "குடுத்துரு சாமி, ஆத்துல உட்டுட்டா அவளும் நிம்மதியாப் போயிருவா," என்று அத்தை வழி முழுக்கக் கெஞ்சினார்.

பூசாரி வயசானவர். உச்சி பூசை முடிந்து, கற்பூரம் அணையும் முன்னால் சித்தியைச் சன்னதிக்கு நேராக நிறுத்தினார். "அம்மணி, ஆத்தா முன்னால நீயே உன் வாயில சொல்லு. அவ வர்றது நெசமா? உன்னைய வாட்டறாளா? ஆமான்னு ஒரு சொல்லுச் சொல்லு, இப்பவே கட்டிப்போட்டு ஜாடியை ஆத்துல உட்டர்றேன்."

சித்தியைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அந்த ஒரு வருசத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் காரியம் அதுதான்.

சித்தி கழுத்துத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். "வர்றாங்க சாமி. அக்கா வர்றது நெசந்தான். அவுங்க புள்ளைக்கு ஊறுகா போட்டுட்டுப் போறாங்க. என்னைய ஒண்ணும் பண்றதில்லீங்க. இருந்துட்டுப் போகட்டுமுங்க."

"ஏம் புள்ள, உனக்கென்ன கிறுக்கா!" என்று அத்தை கத்தினார்.

"பேயோட குடித்தனம் பண்ண உனக்குத் தெம்பு இருக்குதா?" என்றார் பூசாரி.

"ஆத்தா குடுப்பாங்க."

பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்து அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் களத்துப் பெண்கள் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நோம்பி நாளில் சித்தி நீட்டுகிற குங்குமத்துக்குக் கை நீளாது. அத்தை வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார். மூத்தா குடியிருக்கிற ஊடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயரே ஆகிவிட்டது. எத்தனையோ வருசம் அப்படி.

இன்றைக்குச் சூலூரில் என் வீட்டுக் கொல்லையிலும் வெள்ளரி இருக்கிறது. நானும் ஜாடி போடுகிறேன். என்ன பக்குவமாகப் போட்டாலும் நாலு மாதம் தாண்டினால் துண்டு விரலில் நசுங்குகிறது. முதல் தடவை அப்படி நசுங்கினபோது அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருசம் முழுக்க நறுக்கென்று இருக்க வேண்டுமானால் ஒருத்தி விடியும் முன்னே பிஞ்சு பறித்திருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து வெயிலில் போட்டு எடுத்திருக்க வேண்டும். ருசி பார்த்தே அளவு கண்டுபிடித்திருக்க வேண்டும். அம்மன் சன்னதியில் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆம்பளைகளே நடுங்குவார்கள். அதையும் ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதச் சொல்லித்தான் வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றுகிறேன்.

அன்று கோயிலிலிருந்து திரும்பி வருகையில் அத்தை பஸ்ஸில் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் சித்தியும் ஒரே சீட்டு. என் மடியில் ஜாடி. ஜெயித்துவிட்ட தைரியம் எனக்கு. சித்தியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"ஏனுங்க, பயப்படாதீங்க. உங்களை ஒண்ணும் பண்ண வேண்டாம்னு எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றேன்.

"செரி கண்ணு, சொல்லு," என்று சொல்லிவிட்டுச் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வீடு வரும்வரை அழுதார்.

பாவம், எங்கம்மாவுக்கு எவ்வளவு பயந்துகொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் ஜாடியை அவருக்கு எட்டாமல் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.