வெள்ளிக்குப் போகும் மூக்கு

உலக விஞ்ஞானத்துக்கு ஆம்பூர் அளித்த கொடை பிரியாணியோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு முனைவர் அக்சாவே சாட்சி. ஜெபகனி டீச்சரின் ஒரே மகள். தோல் பதனிடும் டேனரிக்குப் பின்சந்தில், கழிவுநீர்க் கால்வாயைப் பார்த்த வீட்டில் வளர்ந்தவர். வேலூர்க் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஊர் நெருங்கியதும் மற்றவர்கள் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்துவார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் அக்சா மட்டும் விழித்துப் பையோடு எழுந்து நிற்பார்.

பிறகு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம். பலூனில் தொங்கி மேலே போய் ஓசோனை அளக்கும் கருவிகளைச் செய்தார். ஒன்று கரும்புத் தோட்டத்தில் விழுந்தது, இன்னொன்று கல்யாணப் பந்தலில். இரண்டிலும் தரவு சுத்தமாகவே வந்தது. இந்தப் புகழின் உச்சியில்தான் வெள்ளிக் கிரகத்துக் காற்றின் கந்தக வாயுக்களை முகரும் ஒரு மூக்கைச் செய்தார். பிரஷர் குக்கர் அளவு வெள்ளைப் பெட்டி, முன்னால் ஒரு குழாய்.

அதை விண்கலத்தில் ஏற்றலாமா என்று தீர்மானிக்கும் குழு ஒரே நிபந்தனை போட்டது. "ஆய்வகத்தில் முகர்கிறது, சரி. திறந்தவெளியில் முகருமா? அடுத்த வாரத்துக்குள் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரின் கேமரா போகும்."

சக விஞ்ஞானிகள் எரிமலைகளின் பட்டியலைத் தேடினார்கள். அக்சா ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்தார்.

வீட்டு மொட்டை மாடியில் முக்காலி போட்டு, கந்தக வாடை வீசும் ரஃபி அகமதுவின் டேனரியைப் பார்த்துக் குழாயைத் திருப்பி வைத்தார். காபி ஆறுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. 'மாடியில வெள்ளப் பெட்டி! பொல்யூஷன் போர்டு வந்திருக்கு!'

தோல் சுழலும் டிரம்கள் நின்றன. சுண்ணாம்புத் தொட்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். கால்வாய் முழுக்க பிளீச்சிங் பவுடர், அதன்மேல் பினாயில், அதற்கும்மேல் சாம்பிராணி. ஏலகிரிக்காரர்கள் மலையிறங்கி வந்து காற்று வாங்கிவிட்டுப் போகலாம் போலிருந்தது. மூக்கு காட்டியது: பூஜ்யம்.

அக்சா டேனரிக்கு ஓடினார்.

"பாய், நான் போர்டு இல்ல. எனக்குக் கொஞ்சம் நாத்தம் வேணும்."

"நாத்தமா? இன்னாம்மா பேசுற? நம்ம டேனரில ஏது நாத்தம்?"

"பொறந்ததுலேர்ந்து மோந்துக்கினு இருக்கேன் பாய்."

"அது பக்கத்து டேனரி."

பக்கத்து டேனரிக்காரர் அது ரஃபி பாயுடையது என்றார். "வாயத் தொறந்து நாத்தத்தக் கேக்குது பாருங்க, இது புது மாதிரி ரெய்டு," என்று ரஃபி பாயின் மேஸ்திரி ஹம்மாத் எச்சரித்தார். அக்சா மறுக்க மறுக்கச் சந்தேகம் வலுத்தது. சாம்பிராணி கூடியது.

நாளைக்கு ரயில். மாடியில், கருவியின் திரையில் தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்சா. டீ கொண்டுவந்த டீச்சர் விஷயத்தைக் கேட்டார். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நேரே டேனரி வாசலுக்குப் போய் நின்றார்.

"டேய் ரஃபி! மூணாங் கிளாஸ்ல கழித்தல் கணக்கு வரலன்னு அழுவியே, இன்னும் வரலியா? உன் கால்வா ஓரத்துல மூக்குல துண்டு கட்டிக்கினு மீன் கொழம்பு வைக்கிறவடா நானு. எம் பொண்ணு போர்டு ஆபீசரா இருந்தா, உன்ன இத்தினி நாளு விட்டு வச்சிருப்பனா?"

ரஃபி பாய் யோசித்தார். அடையாள அட்டை காட்டியிருந்தாலும் இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

"கரெக்ட்டுதான் டீச்சர்," என்றார். "ஹம்மாத்! தார்ப்பாய எடு! எப்பவும்போல டிரம்ம ஓட்டு!"

சற்று நேரத்தில் கோடு எழுந்தது, பிறகு நிமிர்ந்தது, பிறகு திரையை விட்டே வெளியேறியது. தெருவே மாடியில் ஏறிக் கைதட்டியது. பக்கத்து டேனரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்களுது இதுல சேருதாம்மா?"

"உங்களுது கம்மிங்க," என்றார் ரஃபி பாய், மார்பை நிமிர்த்தி.

குழுவின் தலைவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "அபாரம். எந்த எரிமலை?"

"ஆம்பூர்," என்றார் அக்சா.

மூக்குக்கு விண்கலத்தில் இடம் கிடைத்தது. செய்தியோடு ஊர் வந்தவரைப் பார்க்க ரஃபி பாய் ஒரு தேக்சா பிரியாணியோடு வந்தார்.

"அந்த வெள்ளில காத்து பூரா நம்ம நாத்தந்தானாமா?"

"கிட்டத்தட்ட, பாய்."

"போர்டு இருக்குதா?"

"ஒரு ஆளுகூட இல்ல பாய்."

ரஃபி பாய் கையிலிருந்த கறித்துண்டைத் தட்டில் வைத்தார். "தண்ணி வசதி எப்டிம்மா?"