படலையில் நின்றவர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பேய் என்று தொடங்குவது கதை எழுதுகிறவருக்குச் சுகம். தட்டச்சுச் செய்கிறவனுக்குப் பேயோடு பிழையும் சேர்ந்தே வரும். அச்சகத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்களிடம் வருவது பெரும்பாலும் இரண்டு வேலை: ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர், மற்றது குருநகர் றீற்றா அக்காவின் பேய்க்கதை.

பேய்க்குப் பெயர்

றீற்றா அக்கா பகலில் கிழிந்த வலை பொத்துவார், பின்னேரம் கொப்பியில் எழுதுவார். பேய்க்குப் பெயர் வைக்கமுன், அந்தப் பெயரில் ஊரில் ஆரும் இருக்கிறார்களா என்று வீடுவீடாக விசாரிப்பார். ஒரு பேய் மூன்று கிழமையாகப் பெயரில்லாமல் கிடந்தது. "சும்மா ஒண்டைப் போடுங்கோவன் அக்கா" என்றேன்.

"பேய் என்னை ஒண்டும் செய்யாது தம்பி. பெயர்க்காரன்ரை பெண்சாதி விடமாட்டாள்."

நான் கேட்ட திருத்தம்

அக்காவின் அந்தக் கதையில், கடலில் செத்த ஒருவர் நனைந்தபடி வந்து தன் வீட்டுப் படலையில் நிற்கிறார். மனைவி திறக்கவில்லை. கதை அவ்வளவுதான். பட்டப்பகலில், ஆட்கள் நடுவில் இருந்து தட்டச்சுச் செய்தும் என் கை மயிர் எழும்பி நின்றது. இப்படி எழுத வேறு ஆரால் முடியும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. அந்த மனுசனை உள்ளே விடச்சொல்லி அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"செத்தவருக்கு வழி தெரியும். படலை திறக்கிறது இருக்கிறவையின்ரை பாடு."

மாறிப்போன பக்கம்

அதே கிழமை ஒரு நினைவு மலர் வந்தது. படகு கரைக்கு வந்தது, அந்த மீனவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சரிபார்க்கக் கொடுத்த பிரதியில், பேய்க்கதையின் கடைசிப் பக்கத்தை நான் மாறிச் சேர்த்துவிட்டேன். அவருடைய மனைவி அதை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் கண்டேன்.

அடுத்தநாள் காலை அவர் வந்தபோது றீற்றா அக்காவும் இருந்தார். நான் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் பிரதியை மேசையில் வைத்தார்.

"அந்தப் பக்கத்தை எடுத்துப்போடாதேங்கோ தம்பி. ஆனா, கதையில உவள் ஏன் படலையைத் திறக்கேல்லை?"

ஆருக்காகவும் ஒரு வரி மாற்றாத றீற்றா அக்கா என் சிவப்புப் பேனையை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்கள் திறவுங்கோ பிள்ளை."

அவர் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி எழுதினார்.

"திறந்துதான் கிடக்குது, வாங்கோ."

எழுதிவிட்டு அவர் போனார், அவர் பின்னால் றீற்றா அக்காவும் இறங்கிப் போனார். அந்தப் பக்கத்தை அவரின் வரியோடு அப்படியே மலரில் சேர்த்து அச்சிட்டேன். நான் அச்சிட்ட நினைவு மலர்களில் ஊர் கடைசிவரை வாசித்தது என் பிழையை மட்டும்தான்.