கடைசிப் பக்கத்தை ஒட்டியவன்

எனக்கு முன் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவர் பிள்ளைகளைக் கூட்டமாகக் கத்தி வாசிக்க வைப்பார். சத்தம் செங்கம் ரோடு வரை கேட்கும். பாடம் நடக்கிறது என்பதற்குத் தலைமையாசிரியருக்கு அதுதான் அத்தாட்சி. நான் வந்து மனசுக்குள் வாசிக்கச் சொன்னதும் வகுப்பு ஊமையாகிவிட்டது. தூங்குகிறேனா என்று தலைமையாசிரியர் அடிக்கடி எட்டிப் பார்த்தார். ஒரு தடவை அவர் சந்தேகம் சரியாகவும் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் இப்படி இருந்தால் ஜவ்வாதுமலைக்கு மாற்றல் போட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

கத்தி வாசித்த பிள்ளைகளிடம் என்ன புரிந்தது என்று கேட்டால், கடைசிப் பக்கத்து நீதியை ஒப்பிப்பார்கள். கதைக்குள் ஒருவரும் நுழைந்ததாகத் தெரியவில்லை. போஸ்டர் ஒட்டுகிறவனிடம் மைதாப் பசை வாங்கி, எல்லாப் புத்தகத்திலும் கதைகளின் கடைசிப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிட்டேன். முடிவை நீங்களே சொல்லுங்கள், எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்றேன். வகுப்பில் சண்டையே வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அண்ணன் தம்பி கதை. சண்டை போட்டுக்கொண்டு தம்பி வீட்டை விட்டுப் போகிறான். அவர் பக்கத்தைப் புரட்டினார், வரவில்லை. ஒட்டியது நான்தான் என்றேன்.

"அரசாங்கப் புஸ்தகம் என்ன, உங்க வீட்டுச் சுவரா?"

பிறகு, கதையின் நீதி என்ன என்று வகுப்பைக் கேட்டார். வேங்கிக்காலிலிருந்து நடந்து வருகிற பெண் எழுந்தாள்.

"நீதி தெரியாது சார். ஆனா தம்பி திரும்பி வரமாட்டான்."

"எப்படிச் சொல்ற?"

"மூணாம் பக்கத்துல மாட்டையும் ஓட்டிகினு போயிட்டான் சார். வர்றவன் மாட்டை உட்டுட்டுப் போவான்."

கூட நின்றிருந்த தலைமையாசிரியர் ஓடிப்போய் ஒட்டாத புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தம்பி மறுநாளே திரும்பி வந்து அண்ணன் காலில் விழுந்திருந்தான். தப்பு, உட்கார் என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவ படிச்சது சரிங்க. எழுதினவர்தான் மூணாம் பக்கத்தை மறந்துட்டாரு" என்றேன்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "தெரியாம செஞ்சிட்டேன்னு எழுதிக் குடுத்துடுய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்தான்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். கூடவே, அடுத்த பதிப்பில் தம்பி மாட்டைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு திருத்தமும் சேர்த்தேன். மலைக்கு மாற்றல் உத்தரவு சீக்கிரமே வந்துவிட்டது. திருத்தத்துக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை.