விசில் ஊதாத காலை

எங்கள் எதிர் வீட்டு அண்ணா சாக வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கவில்லை. பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மற்ற எல்லாம் அந்தப் பக்கம். ஜி.எஸ்.டி. ரோடு, பஸ், பால் பூத், மருந்துக்கடை, பிள்ளைகளின் பள்ளி, எதற்குப் போனாலும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். ஸ்டேஷன் மேம்பாலம் வரை சுற்றிப் போக யாருக்கும் பொறுமை கிடையாது. வேலி அறுந்த ஓர் இடத்தில் மண் தடம் விழுந்திருந்தது. அதுவே எங்கள் தெருக்காரர்களின் வழி. அந்த இடத்தில் பாதை சற்று வளையும். தாம்பரத்திலிருந்து வரும் வண்டி மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

அடிக்கடி அங்கே யாராவது அடிபடுவார்கள். ஒருமுறை அலுவலகம் போகும் வழியில், பாய் போட்டு மூடி வைத்திருந்த ஓர் உடலைத் தாண்டிப் போனேன். பாய்க்கு வெளியே ஒரு செருப்பு நேராகக் கிடந்தது, கழற்றி வைத்ததுபோல. அதிலிருந்து என் மனைவி காய்கறிக்குப் போய்த் திரும்பும்வரை வாசலை விட்டு நகர மாட்டேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தேன். எம்.ஏ. படித்தவன், நிறையப் படிப்பவன், அதைவிட நிறையப் பேசுபவன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். சமூகம் நோயில் கிடக்கிறது என்றால் மருந்து ஒவ்வொருவனும் தன்னைத் திருத்திக்கொள்வதுதான் என்று நான் பேசுவேன். கோஷம் போடுவதாலும் கொடி பிடிப்பதாலும் எதுவும் குணமாகாது என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஆட்டாதவர் ஒருவர் உண்டு. அடுத்த தெருவில் இருந்த கணக்கு டீச்சர். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு மாலையில் எங்கள் கூட்டத்துக்கும் வருவார்.

"சார், நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம திருந்திட்டமா இல்லையான்னு விசாரிச்சுட்டா டிரெயின் மோதும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நமக்கு சப்வே வேணும் சார். மனு குடுத்து வராது. உக்காந்தாத்தான் வரும்."

"எங்க உக்காரணும் டீச்சர்?"

"தண்டவாளத்துலதான். வேற எங்க?"

பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கலந்துகொண்டதற்காக என் பக்கத்து நாற்காலிக்காரரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்தவன் நான். ரயில் மறியல் என்ற சொல்லைக் கேட்டதும் என் கண்முன் வந்தது அந்த நாற்காலி.

அந்த நிமிடத்தில் மறியலைத் தட்டிக்கழிக்க எனக்கு ஒரு நல்ல காரியம் தேவைப்பட்டது. "நான் ஒண்ணு செய்றேன். தினமும் காலையில அங்க போய் நிக்கிறேன். வண்டி வந்தா விசில் ஊதறேன். ஒருத்தன் பொறுப்பா இருந்தாப் போதும், மத்தவங்களுக்கும் அது வந்துடும்" என்றேன். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

தாம்பரம் மார்க்கெட்டில் விசில் வாங்கினேன். பால் நேரத்தில் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் தாண்டிய பிறகு நேரே அலுவலகத்துக்கு வண்டி ஏறுவேன். விதியும் நானே வைத்தேன். விசில் கேட்டால் நில்லுங்கள், கேட்காவிட்டால் போங்கள்.

டீச்சர் உடனே கேட்டார். "நீங்க வராத அன்னைக்கும் விசில் கேக்காதே சார்?"

"நான் வராம இருக்க மாட்டேன் டீச்சர்."

ஊருக்குப் போக நேர்ந்தால் முதல்நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுவேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா சார், ரயில்வேல கார்டு வேல குட்த்துட்டானா? பச்சக் கொடி எங்க?" என்று தினமும் வம்புக்கு இழுப்பார். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

என்னை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் எதிர் வீட்டு அண்ணா. ஓய்வுபெற்றவர், இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் நடுங்குவார். "கத்தி வெக்கிறதுக்கு அது என்ன கத்திரிக்காயா தம்பி? உங்க விசில் இருக்கு, எனக்கு அது போதும்" என்பார். பால் வாங்குவது மட்டும் தன் வேலை என்று பிடிவாதமாக வைத்திருந்தார். தடத்தின் ஓரத்தில் தலையைச் சாய்த்து நிற்பார். விசில் ஓய்ந்ததும் நடப்பார். அந்த இடத்தில் வண்டிகள் எப்போதும் ஹாரன் அடித்தபடிதான் போகும். அவர் ஹாரனைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார். அதை நான் கவனித்தேன். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நினைத்துப் பார்க்கவில்லை.

சில வருடங்கள் ஒருவரும் அடிபடவில்லை. இதற்கிடையில் டீச்சர் விடாமல் மனுக்கள் கொடுத்து ஓர் அதிகாரியை அந்த இடத்துக்கே வரவழைத்தார். அவர் தடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சமீபத்துல இங்க ஒரு கேஸ் கூட இல்லையே. ஜனங்களே பொறுப்பா இருக்காங்க. சப்வே எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் திரும்பி என் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்தில் நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

பிறகு பக்கத்தில் அகல ரயில் பாதையும் போட்டார்கள். தாண்ட வேண்டிய தண்டவாளங்கள் கூடின. புதுப் பாதையில் வண்டிகள் தடதடப்பு இல்லாமல் வேகமாக வந்தன. ஒரு பக்கம் பார்த்து விசில் ஊதும்போதே மறுபக்கம் இன்னொன்று வந்துவிடும். இரண்டு முறை கடைசி நொடியில்தான் ஊதினேன். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கனவில் விசில் தொண்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

டீச்சர் மறியலுக்கு நாள் குறித்தார். தெருவில் பாதிப் பேர் வருவதாகச் சொன்னார்கள். நானும் கூட்டத்தில் எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் மறுக்கவும் எனக்குப் பயம்.

மறியலுக்கு முந்தின மாலை சாதாரண உடையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். போலீஸ் என்று அவரே சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சார் கெவர்மெண்ட்ல கீறீங்கன்னு சொன்னாங்க. நல்ல வேலை. நாளிக்கு அந்தப் பக்கம் வராதீங்க. பேரு எழுதிக்கினா அப்புறம் பேஜாரு."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே மாலை எதிர் வீட்டில் சண்டை நடந்தது. ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வந்திருந்த மகனிடம் அண்ணா முடியாது என்று சொல்லிவிட்டார். மகன் கத்தியது தெருவுக்கே கேட்டது. "கண்ணும் தெரியல, சொன்னாலும் கேக்க மாட்டேங்கற. எங்க உயிரை ஏன்பா எடுக்கற?" அப்பாவின் மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன். அன்பும் பயமும் கலந்த கோபம் அது.

மறுநாள் காலை எழுந்து சட்டை போட்டேன். விசிலை எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். மறியல் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பால் வாங்கப் போகிறவர்கள் தாண்டும்வரை ஊதிவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் போலீஸ் முன்பே வந்து நின்றிருந்தால்? அங்கே நிற்பவர்கள் பெயரையெல்லாம் எழுதினால்? சட்டையைக் கழற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். மனைவியிடம் காய்ச்சல் என்றேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று விசில் கிடையாது என்று எந்த வீட்டுக்கும் நான் சொல்லி அனுப்பவில்லை. எழுந்து தெருவில் பத்தடி நடந்தால் எதிர் வீடு. எழுந்திருக்கவில்லை.

ஹாரன் கேட்டது. வழக்கமான ஹாரன் இல்லை, நிறுத்தாமல் அடித்தது. பிறகு இரும்பு இழுபடும் சத்தம். பிறகு ஆட்கள் ஓடினார்கள். மனைவியும் ஓடினாள். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படியும் வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தெருவே தண்டவாளத்தில் உட்கார்ந்தது. மறியலுக்கு வரமாட்டேன் என்றவர்கள்கூட உட்கார்ந்தார்கள் என்று மனைவி சொன்னாள். மதியத்துக்குள் டீச்சரையும் மற்றவர்களையும் போலீஸ் வேனில் ஏற்றிப் போனது.

அதன் பிறகு ரயில்வே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "டிரைவர் ஹாரன் அடிச்சிருக்கார், பெரியவர் நகரவே இல்லையாம். அந்த டீச்சரம்மா என்னமோ விசில்னு சொல்றாங்க. தினம் நீங்க அங்க நின்னு ஊதுவீங்களாம், அதை நம்பித்தான் அவர் தாண்டுவாராம். உண்மையா சார்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. காலையில நடக்கப் போவேன். எப்பவாவது சின்னப் பசங்களுக்காக ஊதியிருப்பேன்."

"அப்ப இந்தப் பெரியவருக்கு நீங்க ஊதினதில்ல?"

"இல்லீங்க."

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"நேத்து சாயந்தரம் சத்தம் கேட்டுது" என்றேன்.

என் பெயர் எந்த வம்பிலும் வராமல் இருக்க, அந்த வாக்கியத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் சொன்னதை, கைதானவர் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, சாகத்தான் அவர் தானாகவே போய் நின்றார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தெருவும் மெல்ல மெல்ல அதை நம்பியது. தான் கத்தியதால்தான் என்று மகனும் நம்பினான். அவன் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது தெரிந்தது. கொஞ்ச காலத்தில் வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்விட்டான்.

டீச்சர் மேல் வழக்கு போட்டார்கள். பள்ளிக்கு விடுப்பு எடுத்து எடுத்து கோர்ட்டுக்கு அலைந்தார். நடுவில் இன்னும் இரண்டு மறியல்கள். பிறகு சப்வே வந்தது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், ஆனாலும் உயிர் போகாது. மனிதன் மாற வேண்டுமா, மக்கள் திரள வேண்டுமா என்று அத்தனை ஞாயிறுகள் பேசியிருக்கிறேன். நான் மாற வேண்டியிருந்தது என் பயத்தில் மட்டும்தான். பத்துப் பேரோடு போய் உட்கார்ந்திருந்தால் அது மாறியிருக்கும். அந்தப் பத்துப் பேரிடமிருந்து என்னை ஒளித்துக்கொள்ளவே விசிலை எடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வுபெற்ற பிறகு, விசாரித்துக்கொண்டு கூடுவாஞ்சேரி போனேன். இனி என் வேலையை யாரும் பறிக்க முடியாது என்ற தைரியம்தான் காரணம். வீட்டில் அண்ணி மட்டும் இருந்தார். காபி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விசில், காய்ச்சல், சப்-இன்ஸ்பெக்டர், ஒன்றையும் விடவில்லை.

அண்ணி அழவில்லை. "அவரு சாகப் போகலைன்னு எனக்குத் தெரியும் தம்பி. சாகப் போறவரு ரெண்டு பாக்கெட் பாலை எதுக்கு வாங்கிக்கிட்டு வரணும்?" என்றார். காபி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "இதை நான் எத்தனையோ தரம் சொல்லிட்டேன். அவன் நம்ப மாட்டேங்கறான். அம்மா சமாதானம் சொல்றாங்கன்னு நெனைக்கிறான். நீங்க சொன்னா நம்புவான். இப்ப வர்ற நேரந்தான். உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். சுவரில் அண்ணாவின் படம், கண்ணாடி போட்ட முகம். வாசல் கேட் அசையும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என்ன செய்வான்? அடித்தால்கூடப் பரவாயில்லை. அழுதால்?

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு அண்ணி, இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெருமுனையில் அவன் எதிரே வந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கும்பிட்டான். "சார், வீட்டுக்கா வந்தீங்க? வாங்க சார், ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போலாம்."

"இருக்கட்டும்பா. அவசரம்" என்றேன். ஸ்டேஷன்வரை நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.