கப்பலில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். கடல் இல்லாத ஊர்ப் பையன்களையும் கப்பல் வேலைக்குத் தயார் செய்ய முடியுமா என்று பார்க்க, எங்கள் பள்ளியில் ஒரு சோதனை வகுப்பு வைத்தார்கள். பாடத்திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் கண்மாய்தான். அதிலும் பாதி நாள் ஆடுதான் மேயும்.

‘தீ’ பாடத்தை மட்டும் யாரையும் கேட்காமல் எழுதினேன். ‘புகை தெரிந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு. திரும்பாதே.’ எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த விதி. என் சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில் தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பினார். எங்களுக்குத் தூக்குச்சட்டி மட்டும் கிடைத்தது.

திட்டத்தை மதிப்பிட ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வேண்டாம் என்றால் வகுப்பு மூடப்படும். பையன்கள் வெடிமருந்து வேலைக்கே போவார்கள். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து என் தாளை வாசித்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

“வெளியேன்னா எங்க சார்? கடலுக்குள்ளயா?”

“என்னய்யா இப்பிடி எளுதி வச்சிருக்கீக?” என்றார் தலைமையாசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் டமார் என்று ஒரு சத்தம்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது வாசல் வேப்பமரம். செருப்பு காலில் இல்லை. பக்கத்தில் தலைமையாசிரியர், பின்னால் மொத்தப் பள்ளிக்கூடம். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் நாரணாபுரம் பக்கம் புகை எழுகிறதா என்று எல்லோரும் வானத்தையே பார்த்தோம். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஓர் ஆளாவது அன்று அங்கே வேலைக்குப் போயிருந்தார்.

தெருவிலிருந்து பியூன் கத்தினார். “லாரி டயருய்யா! அம்புட்டுப் பேரும் எதுக்கு இங்கன நிக்கீக?”

உள்ளே போனால், அதிகாரி ஜன்னல்களைச் சாத்திவிட்டு மணல் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

“கப்பல்ல ஓட எடமில்ல சார். கதவச் சாத்தி காத்த நிறுத்தணும். அப்புறம் தீயப் பாத்துப் போகணும். உங்க பையன்க போவாங்களா?”

“பளகினா போவாக” என்றேன்.

“வாத்தியாருக்கே பழகலையே!” என்றார் அதிகாரி.

கடைசியில் வகுப்பு நடக்கட்டும் என்றார். ஒரே நிபந்தனை: தீப் பாடத்தை எழுதியவர் முதலில் தூத்துக்குடியில் கப்பலேறிப் பழக வேண்டும்.

“பொளச்சோம்ய்யா!” என்றார் தலைமையாசிரியர்.

“நீங்க பொளச்சீக சார்.”

தூத்துக்குடியில் கப்பலின் அடித்தட்டில் ஈரச்சாக்கைக் கொளுத்திப் புகை போட்டார்கள். உள்ளே நின்று கதவை என் கையாலேயே சாத்தச் சொன்னார்கள். சாத்தினேன். முதுகுக்குப் பின்னால் சித்தப்பா, “வெளிய ஓடுலே!” என்று கத்திக்கொண்டே இருந்தார். ஓட இடமில்லாததால் புகையைப் பார்த்து நடந்தேன்.